தைமூரின் கூடாரத்தில் இப்னு கல்தூன்: நடந்தது என்ன, நாடகம் சொல்வது என்ன?

கேள்வி இதுதான்: சமூகவியலின் முன்னோடி என்று கொண்டாடப்படும் இப்னு கல்தூன், டமாஸ்கஸை முற்றுகையிட்டிருந்த தைமூரின் காலில் போய் விழுந்தாரா? வட ஆப்பிரிக்காவையே எழுத்தில் வடித்து அவனிடம் கொடுத்தார் என்று ஒரு சிரிய நாடகம் அவரைக் கூண்டில் ஏற்றுகிறதாமே, அது வரலாறா, கற்பனையா?

சுருக்கமாகச் சொன்னால், காலில் விழவில்லை. ஆனால் போனார், தலை குனிந்தார், நீட்டிய கையை முத்தமிட்டார், கேட்டதை எழுதியும் கொடுத்தார். இதையெல்லாம் சொன்னது அவருடைய எதிரிகள் என்று நினைத்துவிடாதீர்கள், அவரே தன்வரலாற்று நூலில் உட்கார்ந்து விவரமாக எழுதி வைத்திருக்கிறார். நாடகம் எழுதிய சஅதுல்லாஹ் வன்னூஸுக்கு ஆதாரம் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அவர் செய்தது வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1332-ல் துனிஸில் பிறந்தவர். ஒரு காலத்தில் செவில் நகரில் செல்வாக்கோடு இருந்து, கிறிஸ்தவர்கள் 1248-ல் அதைப் பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு கடல் கடந்து வந்த குடும்பம். பெரும் கொள்ளைநோய் துனிஸுக்கு வந்தபோது பெற்றோரும் ஆசிரியர்களில் பலரும் போய்விட்டார்கள், அப்போது இவருக்குப் பதினாறு பதினேழு வயது. அதற்கப்புறம் இவருடைய வாழ்க்கை ஓர் அரசவையிலிருந்து இன்னொரு அரசவைக்குத் தாவுவதாகவே இருந்தது: துனிஸ், ஃபெஸ், கிரனடா, பிஜாயா. ஃபெஸில் சுல்தான் அபூ இனான் இவரைச் சதியில் சம்பந்தப்பட்டவர் என்று 1357-ல் சிறையில் தள்ளினான், அவன் செத்த பிறகுதான் வெளியே வந்தார். கிரனடா சுல்தானின் தூதராக 1364-ல் செவிலுக்குப் போனபோது, அங்கே காஸ்டைல் அரசன் பேத்ரோ, உன் மூதாதையர் சொத்தைத் திருப்பித் தருகிறேன், என்னோடு இருந்துவிடு என்று கேட்டிருக்கிறான். நாசூக்காக மறுத்துவிட்டு வந்தார். யார் விழப்போகிறார்கள், யார் எழப்போகிறார்கள் என்பதை மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர். ஆனால் எந்தப் பக்கம் தாவினாலும் ஏதோ ஒரு கட்டத்தில் அடியும் வாங்கினார்.

இந்த ஓட்டத்தில் களைத்துப் போய்த்தான் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள இப்னு சலாமா கோட்டையில் நான்கு வருஷம் ஒதுங்கினார். அங்கே, 1377-ல், ஐந்தே மாதத்தில் தன் பெரிய வரலாற்று நூலுக்கு முன்னுரையான முகத்திமாவின் முதல் வடிவத்தை எழுதி முடித்ததாக அவரே சொல்கிறார். அரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன என்பதற்கு அவர் கொடுத்த விடை அஸபிய்யா, அதாவது ஒரு கூட்டத்தை ஒன்றாகக் கட்டி வைக்கும் பற்று. பாலைவனத்திலோ மலையிலோ கஷ்டப்பட்டு வாழும் கூட்டத்துக்கு அது நிறைய இருக்கும். அவர்கள் வந்து நகரத்தைப் பிடிப்பார்கள், நகரத்துச் சொகுசு மூன்று நான்கு தலைமுறையில் அதைத் தின்றுவிடும், அப்புறம் இன்னொரு கூட்டம் வரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தைமூர் முன்னால் அவர் எடுத்துவிட்ட சரக்கே இதுதான்.

1382-ல் ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு துனிஸை விட்டுக் கிளம்பியவர் கெய்ரோவிலேயே தங்கிவிட்டார். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான் பர்கூக் அவரை, இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான மாலிகி மத்ஹபின் தலைமைக் காஜி, அதாவது தலைமை நீதிபதி ஆக்கினான். துனிஸிலிருந்து வந்துகொண்டிருந்த குடும்பம் கப்பல் மூழ்கிக் கடலோடு போனதும் இந்தச் சமயத்தில்தான். 1389-ல் பர்கூக்குக்கு எதிராகக் கலகம் செய்தவர்கள் காஜிகளிடம் ஒரு ஃபத்வாவில் கையெழுத்துக் கேட்டார்கள், மற்றவர்களோடு இவரும் போட்டார், பர்கூக் திரும்பி வந்து ஆட்சியைப் பிடித்ததும் அதற்கான விலையைக் கொடுத்தார். ஆகவே 1401-ல் நடந்ததைத் திடீர் சறுக்கல் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னால் ஐம்பது வருஷப் பழக்கம் இருந்தது.

சரி, டமாஸ்கஸுக்கு வருவோம். பர்கூக் 1399-ல் இறந்து, அவன் மகன் ஃபரஜ் என்ற சிறுவன் சுல்தானாக இருக்கிறான். 1400-ன் கடைசியில் தைமூர் அலெப்போவைச் சூறையாடிவிட்டு டமாஸ்கஸ் பக்கம் திரும்புகிறான். கெய்ரோவிலிருந்து படை கிளம்புகிறது. அப்போது இப்னு கல்தூன் பதவியில்கூட இல்லை, இருந்தும் கூட வரச் சொல்லி வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். டமாஸ்கஸுக்கு வெளியே இரண்டு படைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சில மோதல்கள் நடக்கின்றன. திடீரென்று, கெய்ரோவில் ஆட்சியைப் பிடிக்கச் சதி நடக்கிறது என்று காதில் விழுந்ததும் சுல்தானும் அமீர்களும் இரவோடு இரவாகப் படையைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நகரமும் படையோடு வந்த அறிஞர்களும் அம்போ என்று விடப்பட்டார்கள். இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டு இப்னு கல்தூனைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

நகரத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, ஹன்பலி காஜி இப்னு முஃப்லிஹைத் தூது அனுப்பினார்கள். உயிருக்கு உத்தரவாதம் தருகிறேன், கதவைத் திறந்துவிடுங்கள் என்று தைமூர் சொல்லி அனுப்பினான். நகரக் கோட்டையின் தளபதி மட்டும் முடியவே முடியாது என்று நின்றான். இப்னு முஃப்லிஹ் திரும்பி வந்து இப்னு கல்தூனிடம் இன்னொன்றும் சொன்னார்: தைமூர் உங்களைப் பற்றி விசாரித்தான், எகிப்துப் படையோடு போய்விட்டாரா, ஊரிலேயே இருக்கிறாரா என்று கேட்டான். அன்றிரவு உமையாக்களின் பெரிய பள்ளிவாசலில் தகராறு வெடித்தது, சரணடையக் கூடாது என்று ஒரு கூட்டம் கொந்தளித்தது. செய்தி நடு இரவில் இவருக்கு எட்டியது. என் உயிருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். விடிந்ததும் நகர வாசலுக்குப் போய், என்னை வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் மதில் மேலிருந்தாவது இறக்கிவிடுங்கள் என்று காஜிகளிடம் கேட்டார். முதலில் தயங்கியவர்கள், அப்புறம் கயிறு கட்டி இறக்கினார்கள். 1401 ஜனவரி 10. அவருக்கு அறுபத்தெட்டு வயது. வட ஆப்பிரிக்க உடையை கெய்ரோவிலும் கடைசிவரை கழற்றாதவர், அந்த நீள அங்கியோடு மதிலிலிருந்து தொங்குவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கூடார வாசலில் காத்திருக்கும்போது, அவனை எப்படிப் புகழ்ந்து குளிர வைப்பது என்று மனத்துக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன் என்றும் எழுதியிருக்கிறார். உள்ளே தைமூர் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், தட்டுத் தட்டாகச் சாப்பாடு அவன் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. இவர் தலை குனிந்தார், அவன் கை நீட்டினான், இவர் முத்தமிட்டார். குவாரஸ்ம் பகுதி ஹனஃபி அறிஞர் அப்துல் ஜப்பார் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். முதல் கேள்வியே, மக்ரிபிலிருந்து (வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி) எதற்கு வந்தாய் என்பதுதான். அப்புறம் அந்த ஊரெல்லாம் எங்கே இருக்கிறது என்று குடைய ஆரம்பித்தான். டாஞ்சியர் எங்கே, சியூட்டா எங்கே, சிஜில்மாஸா எங்கே? வாயால் சொன்னது போதாது, அந்த நாட்டின் தூரத்து இடம், பக்கத்து இடம், மலை, ஆறு, கிராமம், நகரம் எல்லாம் நான் நேரில் பார்ப்பது போல எழுதிக் கொடு என்றான். சரி என்றார் இவர். பிறகு ரிஷ்தா என்ற அவர்கள் ஊர் நூடுல்ஸ் சூப் வந்தது, அதை நன்றாகச் செய்வார்கள் என்று ஒரு பாராட்டு வேறு! இவர் ரசித்துச் சாப்பிட்டதை அவன் கவனித்துச் சந்தோஷப்பட்டானாம்.

அப்புறம் இவர் தயார் செய்து வைத்திருந்த பேச்சு வருகிறது. முப்பது நாற்பது வருஷமாக உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தேன், நீங்கள்தான் உலகத்தின் சுல்தான். ஏன் என்று கேட்டான் தைமூர். அரசு என்பது அஸபிய்யாவால் வருவது, துருக்கியரைப் போல அது மிகுந்தவர்கள் யாருமில்லை, அவர்கள் அத்தனை பேரும் உங்கள் பின்னால் நிற்கிறார்கள், ஆகவே... என்று தன் வாழ்நாள் ஆராய்ச்சியை எடுத்து அவன் காலடியில் வைத்தார். சோதிடர்களும் மகான்களும் உங்கள் வரவை முன்பே சொல்லியிருந்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். என்னைக் கேட்டால், கையை முத்தமிட்டது பெரிய விஷயம் இல்லை, அந்தக் காலத்து அரசவை மரியாதை அது. உறுத்துவது இந்த இடம்தான். முகத்திமாவில் எந்த அரசனுக்கும் சலாம் போடாத ஒரு கோட்பாடு இங்கே முகஸ்துதியாக மாறுகிறது. அதே நேரத்தில் அந்தக் கோட்பாட்டின்படி பார்த்தால் அவர் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல்.

அறைக்குத் திரும்பி, சில நாட்களில் மக்ரிப் பற்றி ஒரு சிறு நூலை எழுதி முடித்துக் கொடுத்தார். அதைத் தங்கள் மொழிக்கு மாற்றும்படி தைமூர் எழுத்தரிடம் உத்தரவிட்டான். அந்த நூலின் பிரதி எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. தைமூரும் மக்ரிப் பக்கம் போகவே இல்லை, அங்காராவில் உஸ்மானியத் துருக்கியரை முறித்துவிட்டு, சீனாவுக்குக் கிளம்பும் வழியில் 1405-ல் செத்துப் போனான். அதனால் அந்த நூலால் யாருக்கும் கேடு வரவில்லை. ஆனால் எழுதிக் கொடுக்கும்போது இது இவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை அல்லவா?

அடுத்த சந்திப்புக்குப் பரிசுகளோடு போனார்: ஓர் அழகான குர்ஆன் பிரதி, தொழுகை விரிப்பு, நபியைப் புகழ்ந்து பூஸீரி பாடிய புர்தாவின் பிரதி, நான்கு பெட்டி கெய்ரோ அல்வா. குர்ஆனைப் பார்த்ததும் தைமூர் எழுந்து நின்று அதைத் தலைமேல் வைத்துக்கொண்டான். புர்தாவைப் பற்றியும் பாடியவரைப் பற்றியும் விசாரித்தான். (காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் இன்றைக்கும் ஓதப்படுகிறதே, அதே புர்தாதான்.) அல்வாவை வழக்கப்படி இவர் முதலில் எடுத்து வாயில் போட்டுக் காட்ட, விஷம் இல்லை என்று தெரிந்த பிறகு எல்லாருக்கும் பங்கு போனது. இந்த நல்ல மூடைப் பார்த்து இவர் ஒரு கோரிக்கை வைத்தார்: சுல்தான் ஓடியபோது இங்கே மாட்டிக்கொண்ட எழுத்தர்கள், அதிகாரிகள், குர்ஆன் ஓதுபவர்கள் இவர்களுக்கெல்லாம் பாதுகாப்புக் கடிதம் வேண்டும். கிடைத்தது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், சேர்க்காமல் தீர்ப்பு எழுதினால் அது தீர்ப்பே இல்லை.

கோவேறு கழுதைக் கதை இல்லாமல் இந்தப் பதில் முடியாது. விடைபெறும் சமயம். உன்னிடம் கோவேறு கழுதை இருக்கிறதாமே என்கிறான் தைமூர். இருக்கிறது. நல்ல கழுதையா? நல்ல கழுதைதான். விற்கிறாயா, வாங்கிக்கொள்கிறேன். உலகத்தில் பாதியைச் சுருட்டிக்கொண்டவன், ஒரு கிழவரின் கழுதைக்கு விலை பேசுகிறான்! என்னைப் போன்றவன் உங்களைப் போன்றவரிடம் விற்பதா, இந்தாருங்கள் அன்பளிப்பு என்று கொடுத்துவிட்டார். கெய்ரோவுக்குத் திரும்பிக் கொஞ்ச காலம் கழித்து, தைமூரிடம் போய் வந்த தூதன் கழுதைக்கான காசைக் கொண்டுவந்தான். சுல்தானின் அனுமதி இல்லாமல் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, அனுமதி வந்த பிறகுதான் வாங்கிக்கொண்டார். தொகை முழுசாக இல்லை, எனக்குக் கொடுத்ததே இவ்வளவுதான் என்று கொண்டுவந்தவன் சொன்னான் என்பதையும் விடாமல் எழுதியிருக்கிறார். பதவிகள், குடும்பம், பிள்ளைகள் எல்லாம் போன ஆள், கழுதைக்குக் குறைந்த காசை மறக்கவில்லை.

முப்பத்தைந்து நாள் அந்த முகாமுக்குப் போய் வந்தார். திரும்பும் வழியில் கொள்ளைக்காரர்கள் உடுத்த துணிவரை பிடுங்கிக்கொண்டார்கள். டமாஸ்கஸின் கதி அதைவிட மோசம். கோட்டை கவண்கற்களால் இடிந்து வீழ்ந்தது, உத்தரவாதம் காற்றில் போனது, கப்பம் என்று கறந்தார்கள், கடைசியில் நகரமே சூறையாடப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. தீ பெரிய பள்ளிவாசலில் பற்றி, கூரையின் ஈயம் உருகி ஓடியது. இதை எழுதும்போது இப்னு கல்தூன், கொடுமையிலும் அருவருப்பிலும் உச்சத்துக்குப் போன செயல் என்று ஒரு வரி, காரியங்களின் போக்கு அல்லாஹ்வின் கையில் என்று இன்னொரு வரி, அவ்வளவுதான், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்த ஊரிலிருந்து கைவினைஞர்களை சமர்கந்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப் போனவர்களில் இப்னு அரப்ஷா என்ற பன்னிரண்டு வயதுப் பையனும் ஒருவன். வளர்ந்த பிறகு தைமூரின் வரலாற்றை எழுதினான், ஒவ்வொரு பக்கத்திலும் வெறுப்பு கொதிக்கும். ஒரே சம்பவத்தைப் பற்றி இரண்டு வரலாறுகள், ஒருவர் சூப் சாப்பிட்டவர், இன்னொருவர் வீட்டை இழந்தவர்.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பின்னணி வேண்டும். மேடை நாடகம் அரபு மொழிக்குப் புதுசு. நிழல் பொம்மலாட்டம் இருந்தது, கெய்ரோவில் கண் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த இப்னு தானியால் 13-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அதற்காக எழுதிய மூன்று நாடகங்கள் கைக்குக் கிடைத்திருக்கின்றன, ஆபாசமும் கேலியும் கலந்த அட்டகாசமான எழுத்து. ஆனால் படித்தவர்கள் அதை இலக்கியமாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இன்றைய பொருளில் முதல் நாடகம் என்று சொல்லப்படுவது, இத்தாலியில் நாடகம் பார்த்துவிட்டு வந்த வியாபாரி மாரூன் அந்நக்காஷ் 1848 வாக்கில் பெய்ரூட்டில் தன் வீட்டிலேயே போட்ட கஞ்சன் கதை. கெய்ரோவில் யாக்கூப் சன்னூ 1870-ல் தொடங்கிய அரங்கை, நீ எங்கள் மோலியேர் (பிரெஞ்சு நாடகாசிரியர்) என்று முதலில் தட்டிக்கொடுத்த அதே எகிப்து ஆட்சியாளர் கெதீவ் இஸ்மாயில் இரண்டு வருஷத்தில் இழுத்து மூடினார். டமாஸ்கஸில் அபூ கலீல் அல்கப்பானி போட்ட நாடகங்களுக்கு எதிராக ஆட்கள் இஸ்தான்புல் வரைக்கும் போய்ப் புகார் கொடுத்தார்கள், கலீஃபா ஹாரூன் அர்ரஷீதை மேடையில் வேஷம் கட்டி ஆடவிடுவதா என்று. அரங்கு மூடப்பட்டது, அவர் எகிப்துக்குப் போனார். ஆரம்பத்திலிருந்தே பழைய வரலாற்றை மேடையேற்றுவதும் ஆள்பவர்களின் கோபமும் ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன.

1950-களுக்குப் பிறகு ராணுவ ஆட்சிகள் வந்தபோது இந்த வரலாறு நாடகக்காரர்களுக்குக் கேடயமாகிவிட்டது. நேரே எழுதினால் தணிக்கையாளர் வெட்டுவார், ஆனால் அறுநூறு வருஷத்துக்கு முந்தைய கதையை என்ன சொல்லித் தடுப்பார்? எகிப்திய எழுத்தாளர் தவ்ஃபீக் அல்ஹகீம் 1960-ல் ஒரு நாடகம் வெளியிட்டார், குழம்பி நிற்கும் ஒரு சுல்தானைப் பற்றி. அதன் வேர், 1262-ல் இறந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் என்ற ஷாஃபிஈ அறிஞரின் கதை. அமீர்களாக அதிகாரம் செலுத்தும் இந்த மம்லூக்குகள் இன்னும் விடுதலை பெறாத அடிமைகள், சட்டப்படி பொதுக் கருவூலத்தின் சொத்து, ஏலம் விட்டுத்தான் விடுவிக்க வேண்டும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். ஆத்திரத்தில் கொல்ல வந்தவன் வாளோடு வீட்டு வாசலில் அவரைப் பார்த்ததும் கை உறைந்து நின்றான் என்பது கதை. ஏலம் நடந்தது, பணம் கருவூலத்துக்குப் போனது. ஹகீம் இதை எடுத்து, ஏலத்துக்கு வருவது சுல்தானே என்று மாற்றினார். வாளால் வாயை மூடுவதா, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஏலத்தில் நிற்பதா என்று சுல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவன் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறான். ஊரார் கேவலமாகப் பேசும் ஒரு பெண் அவனை வாங்கி, விடியற்காலை ஃபஜ்ர் பாங்கு சொல்லும்போது விடுவிப்பதாக ஒத்துக்கொள்கிறாள். இங்கேதான் குறும்பு: சட்டம் சட்டம் என்று நின்ற தலைமைக் காஜி, பாங்கு சொல்பவரைப் பிடித்து நடு இரவிலேயே பாங்கு சொல்ல வைக்கிறார்! சுல்தான் இந்தத் தந்திரம் எனக்கு வேண்டாம் என்கிறான். வரலாற்றில் நிமிர்ந்து நின்ற அறிஞர், மேடைக்கு வரும்போது சட்டத்தை வளைக்கிறவராக ஆகிவிட்டார். எகிப்து அதிபர் நாசர் காலத்தில் இதைப் படித்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார் என்று புரியாமலா இருக்கும்.

சில வருஷம் கழித்து ஸலாஹ் அப்துஸ் ஸபூர், 922-ல் பாக்தாதில் கொல்லப்பட்ட சூஃபி ஹல்லாஜைக் கவிதை நாடகமாக்கினார். திரை விலகும்போதே ஹல்லாஜின் உடல் தொங்குகிறது, வழிப்போக்கர்கள் இவரைக் கொன்றது யார் என்று கேட்கிறார்கள். ஒரு கூட்டம் வந்து, நாங்கள்தான் கொன்றோம், வார்த்தைகளால் கொன்றோம், ஆளுக்கு ஒரு தீனார் கொடுத்து இவன் காஃபிர் என்று கத்தச் சொன்னார்கள், கத்தினோம் என்கிறது. அடுத்து அவருடைய சூஃபித் தோழர்கள் வந்து, நாங்களும் வார்த்தைகளால்தான் கொன்றோம் என்கிறார்கள். அவரைவிட அவருடைய வார்த்தைகளை நேசித்தோம், வார்த்தை நிலைக்கட்டும் என்று அவரைச் சாகவிட்டோம் என்பது அவர்கள் கணக்கு. இந்த ஒரு காட்சிக்காகவே அந்த நாடகத்தைப் படிக்கலாம்.

வன்னூஸ் 1941-ல் சிரியாவின் தர்தூஸ் அருகே ஒரு கடலோரக் கிராமத்தில் பிறந்தவர், கெய்ரோவில் இதழியல் படித்தவர். 1967 ஜூனில் இஸ்ரேலிடம் அரபு நாடுகள் தோற்ற பிறகு எழுதிய நாடகத்தில் நடிகர்களைப் பார்வையாளர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார், அவர்கள் எழுந்து கேள்வி கேட்க, கடைசியில் அரங்கமே கைது செய்யப்படுகிறது. அதைச் சில வருஷம் தடுத்து வைத்திருந்து 1971-ல்தான் விட்டார்கள். அதையடுத்து எழுதியதில் ஒரு காபிக்கடை, அதில் ஒரு கதைசொல்லி. கூட்டம் பழைய சுல்தான் பைபர்ஸின் வீரக்கதை கேட்கிறது, அவர் கொடுப்பதோ அப்பாசிய பாக்தாதின் வீழ்ச்சிக் காலத்து மம்லூக் ஜாபிரின் கதை. எஜமானின் ரகசியச் செய்தியைக் கோட்டை வாசலில் சோதனை போடுபவர்கள் கண்டுபிடிக்காமல் இருக்க, ஜாபிர் தன் தலையை மொட்டையடித்து அதில் எழுதச் சொல்லி, முடி வளர்ந்ததும் எதிரி அரசனிடம் போகிறான். பரிசு கிடைக்கும் என்று கனவு. தலையில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. படையெடுத்து வா என்ற அழைப்போடு, ரகசியம் காக்க இதைக் கொண்டு வருபவனைக் கொன்றுவிடு என்பதும் அதில் இருந்தது.

1970-களின் கடைசியிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் அவர் நாடகமே எழுதவில்லை. மறுபடி எழுத ஆரம்பித்த பிறகு, 1992-ல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1993-ல் வந்ததுதான் நீங்கள் கேட்ட நாடகம், வரலாற்றுச் சிற்றோவியங்கள் என்று பெயர் சொல்லலாம். மூன்று பகுதி. முதலாவது போராடச் சொல்லும் முதிய காஜி தாதிலியைச் சுற்றி, இரண்டாவது இப்னு கல்தூனைச் சுற்றி, மூன்றாவது கோட்டையை விடாமல் பிடித்து நின்ற தளபதியைச் சுற்றி. முற்றுகைக்கு நடுவில் வியாபாரிகள் சரக்குக்கு விலை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) எதிரியை விட்டுவிட்டு அறிவைப் பேசும் ஓர் ஆளை விசாரித்து அவர் புத்தகங்களைக் கொளுத்துகிறார்கள். ஊர் வெளியிலிருந்து விழுவதற்கு முன்பே உள்ளுக்குள் விழுந்துவிட்டது. என் கணக்கில் நாடகத்தின் உண்மையான பலம் இதில் இருக்கிறது, இப்னு கல்தூன் பகுதியில் மட்டும் இல்லை.

அந்தப் பகுதியில் ஷரஃபுத்தீன் என்ற மாணவனை வன்னூஸ் அவருக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். எழுதுவதைப் பிரதி எடுக்கும் அவன்தான் கேட்கிறான்: உங்களுக்குத் தெரிந்ததை வைத்து இந்த மக்களுக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா? அஸபிய்யா அடங்கிவிட்டது, நடப்பதை நடக்கிறபடி விளக்குவது என் வேலை, சண்டைக்கு ஆள் சேர்ப்பது இல்லை என்கிற தோரணையில் ஆசிரியர் பதில் சொல்கிறார். மக்ரிபைப் பற்றி எழுதும் இடத்தில் இருவருக்கும் ஒத்துப்போகாமல் ஆகிவிடுகிறது, ஒரு படையெடுப்பாளன் கையில் நாட்டின் வரைபடத்தைக் கொடுப்பது என்ன அறிவு என்பது மாணவனின் ஆத்திரம். வளைகுடாப் போரும் அரபு-இஸ்ரேல் மாட்ரிட் பேச்சுவார்த்தையும் முடிந்த சூட்டில் எழுதியது இது. ஆள்பவர்களோடு ஒட்டிக்கொண்டு, தோல்வியை அறிவியல்பூர்வமாக விளக்கிக்கொண்டிருந்த அரபு அறிவாளிகளைத்தான் வன்னூஸ் அங்கியும் தலைப்பாகையும் போட்டு மேடையேற்றினார். வரலாற்று இப்னு கல்தூனுக்கு அந்தக் கூட்டத்தில் இப்படி ஒரு மாணவன் இருந்ததற்குச் சான்று இல்லை, அவன் 1993-லிருந்து வந்தவன்.

நியாயமா என்று கேட்டால், மனிதருக்குக் கொஞ்சம் அநியாயம்தான். ஓடிப்போனது சுல்தான், கதவைத் திறந்தது நகரத்துப் பெரியவர்கள், இவர் பதவியில்லாத ஒரு வெளியூர்க் கிழவர். தாய்நாடு, தேசத் துரோகம் என்ற அளவுகோல்கள் 1401-ல் யாருக்கும் கிடையாது. அதோடு, கெய்ரோவுக்கு வந்ததும் மக்ரிப் சுல்தானுக்குத் தைமூரையும் தாத்தாரியரையும் பற்றி நீளமாக ஒரு கடிதம் எழுதினார், அதாவது இந்தப் பக்கத்துத் தகவல் அந்தப் பக்கமும் போனது. வலது முழங்கால் அம்பு பட்டு முடமானது, பக்கத்து இடத்துக்கு இழுத்து இழுத்து நடப்பான், தூரமென்றால் ஆட்கள் தூக்கிப் போவார்கள், தெரிந்ததிலும் தெரியாததிலும் விவாதம் செய்வதில் வெறி என்று அவர் எழுதிய வர்ணனை, தைமூரை நேரில் கண்டு எழுதியவற்றில் இன்றும் முக்கியமானது. ஆனால் வன்னூஸின் கேள்வியை அதனால் தள்ளிவிட முடியாது. அரசுகள் சாவதன் இலக்கணத்தை எழுதியவர், ஒரு நகரம் கண்ணெதிரே சாகும்போது இரண்டு வரியோடு கடந்து போகிறாரே? இந்தச் சங்கடம் நாடகத்தோடு தொடங்கியதும் இல்லை. அவர் காலத்திலேயே ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி அவரைக் கடுமையாக விமர்சித்தார், வரலாற்றாசிரியர் மக்ரீஸியோ முகத்திமாவைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். 1917-ல் எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைன் பாரிஸில் இவரைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தபோதும் இவருடைய தன்னலத்தைச் சுட்டிக்காட்டத் தயங்கவில்லை.

படிப்பதென்றால் நாடகத்தில் தொடங்காதீர்கள். அவருடைய தன்வரலாற்றின் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள். அரபு தெரிந்தவர்களுக்கு 1951-ல் கெய்ரோவில் முஹம்மத் இப்னு தாவீத் அத்தஞ்ஜி பதிப்பித்தது இருக்கிறது, தைமூர் சந்திப்பு மட்டும் அடுத்த வருஷமே ஆங்கிலத்தில் தனி நூலாக வந்துவிட்டது. அதைப் படித்த கையோடு இப்னு அரப்ஷாவின் வர்ணனையைப் பாருங்கள், அதில் நம் ஆள், என் புத்தகங்கள் எல்லாம் கெய்ரோவில் இருக்கின்றன, அவை இல்லாமல் என்னால் வாழ முடியாது, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று தைமூரை ஏமாற்றிவிட்டுத் தப்பிக்கிறார், அது இன்னொரு சுவாரசியமான இப்னு கல்தூன். வன்னூஸ் அதற்கப்புறம். முகத்திமாவைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகாமல், அரசுகளின் ஆயுள் பற்றிய மூன்றாம் பகுதியில் நேராக நுழைந்துவிடுங்கள்.